கலைஞர்களின் விண்மீனும் கால்சியக் கோடும்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர்த் தெருக்களில் காகித விண்மீன்கள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. சிலவற்றுக்கு ஐந்து முனை, சிலவற்றுக்கு ஆறு முனை, உள்ளே ஒரு சிறு விளக்கு. நாடுகளின் கொடிகளைப் பாருங்கள். நன்றாகப் படித்த சிறுவனின் நோட்டுப் புத்தகத்தில் ஆசிரியை வரைந்து கொடுக்கும் பரிசைப் பாருங்கள். அங்கெல்லாம் இதே முனைகள்தாம். வானத்து விண்மீனுக்கோ முனை என்று ஒன்றும் கிடையாது. அது நம் சூரியனைப் போன்ற ஒரு வாயுக் கோளம். அப்படியானால் இந்த முனைகள் எங்கிருந்து வந்தன?

நம் கண்ணிலிருந்துதான் வந்தன. கண்ணின் லென்ஸில் நார்கள் ஒன்றோடொன்று சேருமிடத்தில் மெல்லிய வரிகள் உள்ளன. புள்ளியாக வரும் ஒளி அவற்றில் பட்டு விளிம்பு விளைவு அடைவதால் நான்கு புறமும் கதிர்கள் நீண்டு தெரிகின்றன. தொலைநோக்கிப் படங்களில் விண்மீன்கள் சிலுவைபோல் தெரிவதும் இதே கதைதான். இரண்டாவது ஆடியைத் தாங்கி நிற்கும் கம்பிகள் அங்கே குற்றவாளி. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களில் காணும் ஆறு பெரிய முனைகளுக்கு அதன் அறுகோண ஆடித் துண்டுகளின் விளிம்புகள் காரணம்.

ஆக, மனிதன் தன் நம்பிக்கைக்கு அடையாளமாக எடுத்துக்கொண்ட வடிவம் அவனுடைய கருவியின் குறைபாட்டிலிருந்து பிறந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கலைக்குச் சின்னங்கள் வேண்டும். அவை எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். ஆயினும் இயற்பியல் படித்த ஒருவன் இக்காலக் கலைப்படைப்புகளில் விண்மீனைக் காணும்போதெல்லாம் ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. இங்கே உண்மையான விண்மீன் இருக்கிறதா, அல்லது அதன் பெயர் மட்டும்தான் இருக்கிறதா? இயற்பியல் ஆசிரியனுக்குக் கலை விமரிசனத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். குழம்பில் உப்பு இருக்கிறதா என்று சொல்லச் சமையற்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை அல்லவா?

முதலில், பெயர் மட்டுமே இருந்த ஒரு விண்மீனைப் பார்ப்போம். 2018-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள் நியூசிலாந்தின் மாஹியா தீபகற்பத்திலிருந்து ராக்கெட் லேப் என்னும் நிறுவனம் ஒரு ராக்கெட்டை ஏவியது. அதனுள் முன்கூட்டி அறிவிக்கப்படாத ஒரு பொருளும் இருந்தது என்பது சில நாட்களுக்குப் பின்புதான் உலகுக்குத் தெரிந்தது. சுமார் 1 மீட்டர் விட்டமுள்ள ஒரு கோளம். கார்பன் இழையால் ஆனது. அதன் மேல் 65 பளபளக்கும் தகடுகள். 'ஹியூமானிட்டி ஸ்டார்', அதாவது மானுட விண்மீன் என்பது அதன் பெயர். அது சுழன்றுகொண்டே பூமியைச் சுமார் ஒன்றரை மணிக்கு ஒரு முறை சுற்றி வரும். தகடுகளில் சூரிய ஒளி பட்டு மின்னும். உலக மக்கள் யாவரும் அதனை அண்ணாந்து பார்த்து, பேரண்டத்தில் தம் இடத்தை எண்ணிப் பார்ப்பார்கள். நிறுவனத்தின் தலைவர் பீட்டர் பெக் விரும்பியது இதுவே.

சுமார் ஒன்பது மாதம் அது வானில் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் மார்ச் 22-ஆம் நாளே, இரண்டு மாதத்தில், வளிமண்டலத்தில் புகுந்து எரிந்து போயிற்று. பலூனையும் கிரிக்கெட் பந்தையும் ஒரே வேகத்தில் எறிந்து பாருங்கள். எதனைக் காற்று முதலில் நிறுத்துகிறது என்பது தெரியும். எடை குறைந்து பரப்பு மிகுந்த பொருளை, அந்த உயரத்தில் உள்ள மிக மெல்லிய காற்றுங்கூட விரைவில் இழுத்து இறக்கிவிடும்.

வானியலாளர் பலர் கோபப்பட்டனர். வானத்தில் விளம்பரம் எழுதுவதா என்றனர். அவர்களுடைய கோபத்தில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. சில நிமிடம் மின்னி மறையும் ஒரு புள்ளி அவர்களது ஆய்வைப் பெரிதாகக் கெடுத்துவிடப் போவதில்லை; அதன் பின்னர் ஆயிரக்கணக்கில் ஏவப்பட்டுள்ள தகவல் தொடர்புச் செயற்கைக் கோள்களைத்தான் அவர்கள் அஞ்ச வேண்டும், அஞ்சுகிறார்கள். எனக்குள்ள குறை வேறு. அந்தக் கோளம் ஒரு கண்ணாடி. சூரியன் மறைந்த சற்று நேரத்துக்கும், உதிப்பதற்குச் சற்று முன்பும் மட்டும் தெரியும் கண்ணாடி. விண்மீனின் வெப்பமோ, வயதோ, தொலைவோ எதுவும் அதில் இல்லை. நம்பிக்கை கொள்ளுங்கள் என்று அது சொல்லிற்று. எதன்மேல் என்று சொல்லவில்லை. ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். அதைத் தேடி மொட்டைமாடிக்குப் போன குழந்தைகள், அது கண்ணில் படாமற்போன இரவுகளில், உண்மையான விண்மீன்களைப் பார்த்திருப்பார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் டிரெவர் பாக்லன் என்னும் அமெரிக்கக் கலைஞரும் ஒன்றை அனுப்பினார். வானில் சென்றபின் ஊதிப் பெருத்து, 30 மீட்டர் நீளத்துக்குப் பளபளக்க வேண்டிய பலூன் அது. எந்தப் பயனும் இல்லாத செயற்கைக் கோள் என்று அவரே அதைச் சொன்னார். விண்வெளி யாருக்குச் சொந்தம் என்று மக்கள் கேட்க வேண்டும் என்பது அவர் நோக்கம். அமெரிக்க அரசு அலுவலகங்கள் நிதி ஒதுக்கீடின்றி மூடிக் கிடந்த வாரங்களில் பலூனை விரிப்பதற்கான அனுமதி கிடைக்காமற்போய், பின்னர் தொடர்பும் அற்றுப்போனது. விரியாமலே போன அந்தப் பலூன், தான் கேட்க நினைத்த கேள்வியைக் கேட்டுவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி நிலத்துக்கு வருவோம். ஜெர்மானியப் புகைப்படக் கலைஞர் தாமஸ் ரூஃப் இளமையில் வானியல் கற்கலாமா, புகைப்படம் கற்கலாமா என்று தயங்கியவர். புகைப்படத்தைத் தேர்ந்தெடுத்த பின்பும் வானம் அவரை விடவில்லை. தாமே விண்மீன்களைப் படமெடுக்க எண்ணினார்; தம்மிடமுள்ள கருவிகளால் அது ஆகாது என்பதை உணர்ந்தார். ஆகவே, சிலி நாட்டின் லா சில்லா மலையிலுள்ள ஐரோப்பியத் தென்வான் ஆய்வகத்தின் நெகட்டிவ்களை விலைக்கு வாங்கி, அவற்றில் தமக்கு வேண்டிய பகுதிகளை 260 செ.மீ. உயரமும் 188 செ.மீ. அகலமும் கொண்ட பெரும் படங்களாக அச்சிட்டார். 1989 முதல் 1992 வரை இந்தப் பணி நடந்தது. 'விண்மீன்கள்' என்பதே தொகுதியின் பெயர். ஒவ்வொரு படத்துக்கும் வான்பகுதியின் ஆயங்களே தலைப்பு. இத்தனை மணி, இத்தனை நிமிடம், கழித்தல் இத்தனை பாகை என்று.

இங்கே விண்மீன் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் ஓர் உண்மையான விண்மீனின் ஒளி வெள்ளியுப்பில் பதித்த சுவடு. ஆனால் நம்பிக்கை என்ற சொல்லை ரூஃப் வாயெடுத்துச் சொல்வதில்லை. இரண்டரை மீட்டர் கருமைக்கு முன் உங்களை நிறுத்திவிட்டு அவர் போய்விடுகிறார். இந்த மௌனத்தை நான் மதிக்கிறேன். மானுட விண்மீனின் வாயாடித்தனத்துக்குப் பின் இது பெரிய ஆறுதல். எனினும் ஒன்று உறுத்துகிறது. லா சில்லாவின் ஷ்மிட் தொலைநோக்கி 1970-களின் தொடக்கத்தில் வேலை தொடங்கியது. தென்வானத்தைப் பகுதி பகுதியாகப் படமெடுக்கும் பெரும்பணி அந்தப் பத்தாண்டிலும் அடுத்த பத்தாண்டிலும் நடந்தது. சிலி நாட்டில் 1973 செப்டம்பர் 11 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி 1990 வரை நடத்தியதும் அதே ஆண்டுகளில்தான். மலைமேல் தொலைநோக்கி வானத்தை இரவெல்லாம் பதிவு செய்துகொண்டிருந்தபோது, கீழே மனிதர்கள் காணாமற் போய்க்கொண்டிருந்தார்கள். ரூஃபின் படங்களில் இது தெரியாது. தெரிய வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிலிக்கு மறுபடியும் வருவோம்.

அதற்குமுன் வகுப்பறையில் தவறாமல் எழும் ஒரு கேள்வி. "சார், நாம் பார்க்கிற நட்சத்திரமெல்லாம் எப்போதோ செத்துப் போனதாமே? வெளிச்சம் மட்டும்தான் வந்துகொண்டிருக்கிறதாமே?" ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் ஒருவர் கேட்டுவிடுகிறார். கேட்பவரின் குரலில் ஓர் இன்பமான சோகம் இருக்கும். கதைகளும் திரைப்பட வசனங்களும் பரப்பிய கருத்து இது. இறந்த பின்னும் ஒளி தருகிறதே என்று அதிலிருந்து ஒரு நம்பிக்கையையும் எடுத்துக்கொள்கிறோம்.

துரதிருஷ்டவசமாக இது ஏறக்குறைய முழுவதும் பொய். வெறுங்கண்ணால் காணக்கூடிய சில ஆயிரம் விண்மீன்களில் பெரும்பாலானவை சில நூறு ஒளியாண்டுகளுக்குள் உள்ளன. மிகச் சிலவே ஆயிரக்கணக்கான ஒளியாண்டுத் தொலைவில் உள்ளன. விண்மீனின் ஆயுளோ மிகக் குறைந்தாலும் சில பத்து லட்சம் ஆண்டுகள்; சூரியன் போன்றவற்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டுகள். எண்பது வயது வாழும் ஒருவர் நேற்றுப் போட்ட கடிதம் இன்று நம் கைக்கு வருகிறது. அதற்குள் அவர் இறந்திருப்பார் என்று யாரேனும் நினைப்பார்களா? திருவாதிரை விண்மீன் சுமார் 500 முதல் 700 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. வயோதிகம் அடைந்துவிட்டது என்பதும் உண்மை. 2019-இன் இறுதியில் அது திடீரென்று மங்கியபோது, வெடிக்கப் போகிறது என்று செய்தித்தாள்கள் எழுதின. அது கக்கிய தூசி அதன் முகத்தையே மறைத்திருந்தது. 2020-இல் மறுபடியும் ஒளி பெற்றுவிட்டது. அதற்கு இன்னும் லட்சம் ஆண்டு இருக்கலாம் என்பது ஆய்வாளர் கணக்கு. ஆகவே இன்றிரவு நீங்கள் வெளியே போய்க் காணும் அத்தனை விண்மீன்களும் உயிரோடு இருப்பதாகவே தைரியமாகப் பந்தயம் கட்டலாம்.

இறந்த விண்மீன்களை உண்மையில் காண வேண்டுமானால் பெரும்பாலும் பிற விண்மீன் மண்டலங்களுக்குப் போக வேண்டும். ஸ்காட்லாந்தில் 1981-இல் பிறந்த கேட்டி பேட்டர்சன் என்னும் கலைஞர் அங்கேதான் போனார். 2009-இல் அவர் செய்த 'இறந்த விண்மீன்கள் அனைத்தும்' என்ற படைப்பு 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள ஒரு கரிய அலுமினியத் தகடு. மனிதன் அதுவரை கண்டு பதிவு செய்திருந்த இறந்த விண்மீன்கள் ஏறத்தாழ 27,000. அவற்றின் இடங்களை ஆய்வாளர்களிடமிருந்து திரட்டி, லேசர் கொண்டு அத்தகட்டில் புள்ளிகளாகப் பொறித்தார். இத்துடன் நிற்கவில்லை. விண்மீன் ஒன்று இறந்த செய்தி கிடைக்கும்போதெல்லாம் ஓர் அனுதாபக் கடிதம் எழுதி அஞ்சலில் சேர்ப்பதையும் தனியொரு படைப்பாகத் தொடங்கினார். துக்க வீட்டுக்கு எழுதுவோமே, அந்த முறையில். இறந்தவரின் பெயர் இருக்குமிடத்தில் சூப்பர்நோவாவின் பட்டியல் எண்.

முதலில் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பின்னர் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. இறந்த விண்மீன் என்று பொதுவாகச் சொல்லிப் பெருமூச்சு விடுவது எளிது. எது இறந்தது, எப்போது, எந்த இடத்தில் என்று விசாரித்து, ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து எழுதுவது வேறு. இன்று தானியங்கித் தொலைநோக்கிகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இத்தகைய மரணங்களைப் பிடித்துத் தருகின்றன. அஞ்சல் தலை வாங்கியே ஒருவர் ஏழையாகிவிடக்கூடும்! இன்னொன்றையும் கவனியுங்கள். இப்படிப்பட்ட எந்தப் பட்டியலைப் படமாக வரைந்தாலும் புள்ளிகள் வானெங்கும் சீராக விழுவதில்லை. தொலைநோக்கிகள் திரும்பத் திரும்பப் பார்த்த இடங்களில் அவை அடர்ந்திருக்கும். யாரும் பாராத இடங்கள் வெறுமையாய்க் கிடக்கும். அங்கே மரணம் இல்லை என்பது பொருளன்று. அங்கே யாரும் தேடவில்லை.

இதைச் சொல்லும்போதே நாம் சிலிக்குத் திரும்பிவிட்டோம்.

பத்ரிசியோ குஸ்மான் 1941-இல் பிறந்த சிலி நாட்டுத் திரைப்பட இயக்குநர். இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது கைது செய்யப்பட்டுத் தேசிய விளையாட்டரங்கில் அடைக்கப்பட்டவர். பின்னர் நாட்டை விட்டு வெளியேறியவர். 2010-இல் அவர் எடுத்த 'நொஸ்டால்ஜியா டி லா லூஸ்' என்னும் ஆவணப்படம் ஒன்றரை மணி நேரம் ஓடுவது. 'ஒளிக்கான ஏக்கம்' என்று தமிழில் சொல்லலாம். அந்த ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த ஆவணப்படத்துக்கான ஐரோப்பியத் திரைப்பட விருது இதற்குக் கிடைத்தது. நான் கண்டவற்றுள், விண்மீனை விண்மீனாகவே வைத்துக்கொண்டு மனித நம்பிக்கையைப் பற்றிப் பேசிய படைப்பு இதைவிடச் சிறந்தது வேறில்லை. ஆகவே இதனைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

களம் அட்டகாமா பாலைவனம். உலகின் மிக வறண்ட இடங்களுள் ஒன்று. காற்றில் ஈரம் இல்லாததால் விண்மீன் ஒளி அதிகம் சிதைவுறாமல் வந்து சேர்கிறது. அதனால்தான் லா சில்லா, பரனால் போன்ற பெரும் ஆய்வகங்கள் அந்நாட்டின் வடபகுதியில் அமைந்தன. 5000 மீட்டர் உயரத்தில் 2013-இல் திறக்கப்பட்ட அல்மா ரேடியோத் தொலைநோக்கி வரிசையும் அங்கேதான் உள்ளது. ஈரம் இல்லாமையால் இன்னொன்றும் நடக்கிறது. மண்ணில் புதைந்தவை மட்குவதில்லை. இராணுவ ஆட்சியில் கொல்லப்பட்டவர்கள் பலர் இப்பாலைவனத்தில் புதைக்கப்பட்டனர். பின்னர் உண்மை வெளிவந்துவிடுமோ என்று அஞ்சி, இயந்திரங்களைக் கொண்டு தோண்டி எடுத்து வேறிடங்களுக்குக் கொண்டு போயினர். தோண்டிய இடத்தில் சிதறல்கள் எஞ்சின. கலாமா என்னும் ஊரைச் சேர்ந்த பெண்கள் சிறிய மண்வெட்டிகளோடு அந்த வெளியில் தம் கணவரையும் சகோதரரையும் ஆண்டுக்கணக்கில் தேடினார்கள்.

மலைமேல் வானியலாளர், கீழே இப்பெண்கள். இருவரும் சென்ற காலத்தைத் தேடுபவர்கள். படத்தின் அமைப்பு இவ்வளவுதான். காஸ்பர் கலாஸ் என்னும் வானியலாளர் படத்தில் விளக்குகிறார்: சந்திரன் ஒளி ஒரு நொடிக்கு மேல் பழையது, சூரியன் ஒளி எட்டு நிமிடம் பழையது, நாம் பார்ப்பது யாவும் சென்ற காலமே. பதினோராம் வகுப்பு மாணவரும் அறிந்த செய்திதான். ஆனால் அவரே மேலும் ஒன்று சொல்கிறார். எங்கள் சென்ற காலத்தை ஆராய்ந்துவிட்டு நாங்கள் நிம்மதியாக உறங்குகிறோம். அந்தப் பெண்களால் அப்படி உறங்க முடியாது என்னும் கருத்தில் பேசுகிறார். ஒப்புமையைச் சொன்னவரே அது எங்கே முறிகிறது என்பதையும் காட்டிவிடுகிறார். நல்ல ஆசிரியருக்கு அடையாளம் அது.

படத்தின் நடுநாயகமாக நிற்பது கால்சியம். ஜார்ஜ் பிரெஸ்டன் என்னும் வானியலாளர் ஒரு விண்மீனின் நிறமாலையில் கால்சியத்தின் கோடுகளைக் காட்டி, நம் எலும்பில் இருப்பதும் இதே கால்சியம் என்கிறார். இயற்பியல் மாணவர்களுக்கு இது புதிதன்று. சூரிய நிறமாலையின் ஊதா ஓரத்தில் எச், கே என்னும் இரண்டு தடித்த கருங்கோடுகள் நினைவிருக்கும். கே கோடு 3934 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் விழுகிறது. ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியம் அணுவின் கையெழுத்து அது. நம் கொடைக்கானல் ஆய்வகம் இதே கே கோட்டின் ஒளியில் சூரியனை ஒரு நூற்றாண்டு அளவுக்குப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. காவலூர் ஆய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்பு, ஒலின் வில்சனுடன் சேர்ந்து 1957-இல் வெளியிட்ட வில்சன்-பாப்பு விளைவும் இக்கோட்டைப் பற்றியதே. கோட்டின் நடுவில் தோன்றும் ஒளிர்வின் அகலத்தைக் கொண்டு விண்மீனின் உண்மையான பிரகாசத்தை மதிப்பிடலாம் என்று அவர்கள் காட்டினர்.

கால்சியம் எங்கே உண்டாயிற்று? பேரண்டம் தோன்றிய முதல் நிமிடங்களில் ஹைட்ரஜனும் ஹீலியமும் சிறிதளவு லித்தியமும் மட்டுமே உண்டாயின. கால்சியம் பின்னர் வந்தது. பெரிய விண்மீன்களின் வயிற்றில் ஆக்ஸிஜன் எரிந்தபோதும், விண்மீன்கள் வெடித்தபோதும் அது பிறந்தது. வெடிப்பு அதனை வெளியே வீசியது, வீசப்பட்டது மேகமாயிற்று, மேகம் சூரியனும் பூமியும் ஆயிற்று. வளர்ந்த மனிதனின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி எலும்பிலும் பல்லிலும் உள்ளது. 1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லன் மண்டலத்தில், சுமார் 1,68,000 ஒளியாண்டுக்கு அப்பால், ஒரு விண்மீன் வெடித்ததை முதலில் கண்டதும் சிலியின் லாஸ் கம்பனாஸ் மலையில் வேலை செய்துகொண்டிருந்தவர்களே. அவர்களுள் ஒருவர், அந்நாட்டைச் சேர்ந்த ஆஸ்கர் துவால்டே, வெறுங்கண்ணாலேயே அதனைப் பார்த்தார். எலும்பாகும் பொருள் உண்டாகும் காட்சியை அவர் கண்டார் என்று சொன்னால் மிகையாகாது. கீழே இராணுவ ஆட்சிக்கு இன்னும் மூன்று ஆண்டு மீதமிருந்தது.

இப்போது விமரிசகன் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். எலும்பும் விண்மீனும் ஒன்றே என்று சொல்லிவிடுவது அழகாக இருக்கிறது, ஆறுதலாகவும் இருக்கிறது. அந்த ஆறுதலில் ஒரு கேடு ஒளிந்திருக்கிறது. எல்லாம் விண்மீன் தூசி, எல்லாம் மறுபடியும் தூசியில் சேரும் என்றால், கொன்றவனும் தூசி, கொல்லப்பட்டவனும் தூசி. கணக்குத் தீர்ந்தது! கொலைகாரனுக்கு இதைவிட வசதியான தத்துவம் கிடைக்காது. படத்திலேயே ஓர் இளம்பெண் வருகிறார். அவருடைய பெற்றோர் இருவரும் காணாமற் போனவர்கள். பாட்டனும் பாட்டியும் வளர்த்தனர். வளர்ந்தபின் வானியல் சார்ந்த வேலையில் இருக்கிறார். பொருள் அழிவதில்லை, சுழன்று வருகிறது என்ற எண்ணம் தம் வேதனையைத் தாங்க உதவியது என்று அவர் சொல்கிறார். அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. படம் பார்க்கும் நமக்கு அந்த உரிமை இருக்கிறதா என்பது எனக்கு ஐயமே.

இயற்பியல் இங்கே ஒரு தெளிவைத் தருகிறது. கால்சியம்-40 அணுக்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சோதனையாலும் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முடியாது. எந்த விண்மீனில் பிறந்தது என்ற அடையாளம் அணுவின்மேல் எழுதப்படவில்லை. அணுவுக்குப் பெயர் கிடையாது. எலும்புக்கு உண்டு. அணுக்கள் அடுக்கப்பட்ட முறை, ஒடிந்து கூடிய தழும்பு, பல்லின் தேய்வு, உயிரணுவின் உள்ளே எஞ்சிய டி.என்.ஏ. ஆகியவை சேர்ந்து இவன் இன்னான் என்று சொல்கின்றன. அப்பெண்கள் தேடுவது கால்சியத்தை அன்று. கால்சியம் அவர்கள் காலடியில் பாலைவனம் முழுதும் கிடக்கிறது.

குஸ்மான் இதனை அறிந்திருக்கிறார். எலும்பின் மேற்பரப்பும் கோள்களின் மேற்பரப்பும் ஒன்றுபோல் தோன்றும்படி அடுத்தடுத்துக் காட்டி நம்மை மயக்குகிறார் என்பது உண்மை. ஆனால் அதே படத்தில் ஒரு பெண்மணியை முழுமையாகப் பேச விடுகிறார். தம் சகோதரனில் மிஞ்சியதாக அவருக்குக் கிடைத்தது ஒரு பாதம். காலுறையோடு, ஷூவோடு இருந்த பாதம். அதனோடு ஒரு காலைப்பொழுது தனியே இருந்ததைச் சொல்கிறார். அந்த இடத்தில் இயக்குநர் விண்மீனைக் காட்டவில்லை, இசையைப் பெருக்கவில்லை. முகத்தை மட்டும் காட்டுகிறார். இன்னொரு பெண்மணி, இந்தத் தொலைநோக்கிகள் வானத்தைப் பார்ப்பதுபோல் மண்ணுக்குள்ளும் பார்க்கக் கூடாதா என்று ஏங்குகிறார். நம்பிக்கை என்பதற்கு இந்தப் படத்தில் கிடைக்கும் மிகத் துல்லியமான வடிவம் அதுதான். அது ஒரு கருவி வேண்டும் என்ற கோரிக்கை.

படத்தில் குறைகளும் உண்டு. காட்சிகளின்மேல் மினுமினுக்கும் தூசி மிதந்து வருவது முதல் முறை நன்றாக இருக்கிறது. மூன்றாம் முறை வெறும் அலங்காரமாகிவிடுகிறது. இறுதியில் இரு பெண்மணிகளையும் தொலைநோக்கி அருகே அழைத்து வந்து வானத்தைப் பார்க்கச் செய்கிறார்கள். அவர்கள் முகத்தில் மலரும் மகிழ்ச்சி உண்மையானது. ஆனாலும் அவர்கள் கேட்டது வேறு, கிடைத்தது வேறு என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. இயக்குநருக்குப் படத்தை எங்கேனும் முடிக்க வேண்டியிருந்தது.

எனக்குப் பிடித்த பகுதி அதற்கு முன்பே வந்துவிடுகிறது. சக்கபுக்கோ என்பது பாலைவனத்தின் நடுவே கைவிடப்பட்ட ஒரு வெடியுப்புச் சுரங்க ஊர். தொழிலாளர்களின் பழைய வீடுகள் அப்படியே இருந்தமையால் இராணுவத்துக்குச் செலவு மிச்சம். முள்வேலி போட்டதும் அது சிறை முகாமாகிவிட்டது. கைதிகளுள் ஒருவர் வானியல் அறிந்த டாக்டர். அவர் சுமார் இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு பகலில் பாடம் நடத்தினார். இரவில் வெளியே நின்று வானத்தைக் காட்டினார். விண்மீன்களின் இடத்தை அளக்கத் தாங்களே ஒரு சிறு கருவி செய்துகொண்டனர். அவர்களுள் ஒருவர் முதுமையில் படத்துக்காக அங்கே திரும்பி வந்து நின்று, அந்த இரவுகளில் தமக்கு விடுதலை உணர்வு இருந்தது என்கிறார். சில காலத்துக்குப் பின் இராணுவத்தினர் வகுப்பைத் தடை செய்தனர். விண்மீன்களைக் கொண்டு திசை கண்டு தப்பிவிடுவார்கள் என்ற அச்சம்.

காவலர்களின் வானியல் அறிவைக் குறை சொல்ல முடியாது. தென்வானத்தில் துருவ விண்மீன் போல் வழிகாட்டும் ஒன்று இல்லை. ஆனால் தென்சிலுவை என்னும் விண்மீன் கூட்டம் உண்டு. அதன் நீண்ட குறுக்குச் சட்டத்தை அதே திசையில் சுமார் நாலரை மடங்கு நீட்டினால் தென்துருவப் புள்ளி கிடைக்கும். அங்கிருந்து நேர் கீழே தொடுவானம் தெற்கு. தெற்கு தெரிந்துவிட்டால் மேற்கும் தெரியும், மேற்கே கடல். முகாமைச் சுற்றிக் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்தன என்பது வேறு விஷயம்.

ஏப்ரல், மே மாத இரவுகளில் தென்சிலுவையை நம் தமிழ்நாட்டிலிருந்தும் தெற்கே தாழ்வாகக் காணலாம். ஒரு கோல் எடுத்துக்கொண்டு நீட்டிப் பாருங்கள். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பதால் அந்தக் கோடு வானத்தில் முடியாது. தொடுவானத்தைத் தாண்டி மண்ணுக்குள் போய்விடும்.